வெங்காயம் நறுக்காத கத்தி

ஜெயவேலுவின் முதுகு வளைந்து பெங்களூர் மர்பி டவுனில் யாரும் பார்த்ததில்லை. கோலார் தங்கவயலில் பாதி ஆயுளைப் பூமிக்கடியில் குனிந்தே கழித்தவர். அங்கே குனிந்ததற்கெல்லாம் மேலே வந்து ஈடு கட்டுகிறவர் போல நிமிர்ந்து நடப்பார். வெள்ளைச் சட்டையில் கழுத்துப் பித்தான் வரை போட்டிருப்பார். தெருவில் எச்சில் துப்புகிறவனைக் கண்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

சுரங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிறவனை கேட்டில் நிறுத்திச் சோதனை போடுவார்கள். கோவணத்தோடு நிற்க வேண்டும், வாயைத் திறக்க வேண்டும், தலைமுடியைக் கோதிக் காட்ட வேண்டும். கடலையளவு தங்கக் கல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காட்டுவார்கள். ஜெயவேலு சொல்வதற்கு முன்பே கையைத் தூக்கிவிடுவார். சாப்பாட்டுத் தூக்கைத் தானே திறந்து கவிழ்ப்பார். "கேட்டுக் காட்டுனா சந்தேகம். கேக்காம காட்டுனா கௌரவம்" என்பார். ஒருநாள்கூட அவரிடம் ஒரு பொட்டுக் கல் அகப்பட்டதில்லை. அந்தப் பெருமையைத்தான் ஓய்வூதியத்தை விடப் பெரிய சொத்தாக பெங்களூருக்குக் கொண்டுவந்திருந்தார்.

அந்தப் பெருமைதான் அன்றைக்கு அவரைக் குழியில் தள்ளியது.

காவிரித் தண்ணீர்த் தகராறு முற்றியிருந்த நேரம். நகரத்தில் தடை உத்தரவு போட்டிருந்தார்கள். நாலு பேர் கூடக் கூடாது, கையில் தடி, கல், கத்தி எதுவும் கூடாது. மதியத்துக்கு மேல் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஜெயவேலுவின் தம்பி மகள் யசோதரா மகாத்மா காந்தி ரோட்டில் ஓர் ஆபீஸில் வேலை பார்த்தாள். தகப்பன் இல்லாத பெண். பிள்ளையில்லாத பெரியப்பா வீட்டில்தான் வளர்ந்தாள். தினமும் அவளை ஏற்றி இறக்குவது பச்சைமுத்துவின் வேன். பச்சைமுத்து ஜெயவேலுவின் மனைவி செண்பகத்துக்கு உடன்பிறந்த தம்பி. அந்த ஆபீஸில் வேலை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். கல்லெறிக்குப் பயந்து அன்றைக்கு அவன் வேன்களை எடுக்கவில்லை. அதனால் ஜெயவேலுவே நடந்துபோய்ப் பெண்ணை அழைத்துக்கொண்டு திரும்பினார்.

அல்சூர் ஏரிப் பக்கம் ரோட்டுக்குக் குறுக்கே தகரப் பீப்பாய்களை வைத்து மறித்திருந்தார்கள். ஏட்டு கோவிந்தப்பா பீப்பாய் மேல் காலைத் தூக்கி வைத்தபடி வெற்றிலையைத் துப்பினார். சிவப்பாக வழிந்த அதைப் பார்த்ததும் ஜெயவேலு அருவருத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முன்னால் ஒரு பூக்காரி. கூடையில் கிடந்த கத்தியை ஏட்டு எடுத்துப் பார்த்தார்.

"நாரு அறுக்கறதுக்கு சாமி" என்றாள் அவள்.

"ஆயித்து, ஹோகு" என்று கன்னடத்தில் போகச் சொல்லி, கத்தியைக் கூடையிலேயே போட்டு அனுப்பினார். அடுத்து இவர்களைப் பார்த்தார். வயசானவர், கூட ஒரு பெண். "ஹோகிம்மா, ஹோகி" என்று கையை வீசினார்.

போயிருக்கலாம். அவரோ நின்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'தமிழன்னு பாவம் பார்த்து விடுறானா, கிழவன்னு விடுறானா?' எதுவாக இருந்தாலும் அது அவருக்குப் பிச்சை.

"பாருங்க சார். பார்த்துட்டு அனுப்புங்க."

"யாரு பெரியவரே கேட்டாங்க? போங்க" என்றார் ஏட்டு. அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"நீங்க கேக்க வேணாம். எங்க பையில ஒளிக்கிற சாமான் எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல."

"பெரியப்பா, வாங்க போலாம்" என்று யசோதரா அவர் கையைப் பிடித்தாள். அவள் குரல் ஒரு மாதிரி இருந்ததை அவர் கவனித்திருந்தால் கதை வேறாகியிருக்கும். அவளுடைய தோள்பையை வாங்கினார், ஜிப்பை இழுத்தார், பீப்பாய் மேல் தலைகீழாகக் கவிழ்த்தார். பழைய சாப்பாட்டுத் தூக்கைக் கவிழ்த்த அதே கம்பீரத்தோடு.

டிபன் டப்பா விழுந்தது. சீப்பு, கைக்குட்டை, ஆபீஸ் அட்டை. கடைசியாக ஒரு கத்தி, தகரத்தில் டணாரென்று விழுந்து, வெயிலில் பளபளத்துச் சுற்றி நின்றது.

வரிசையில் யாரோ "அடேங்கப்பா" என்றார்கள். பூக்காரிகூடத் திரும்பி நின்று பார்த்தாள்.

ஜெயவேலு யசோதராவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். ரவுடிப் பசங்கள் இடுப்பில் செருகிக்கொண்டு திரியும் சாமான், தன் வீட்டுப் பெண்ணின் டிபன் டப்பாவோடு ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. அந்த டப்பாவில்தான் செண்பகம் காலையில் தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். சீ என்று வந்தது அவருக்கு.

"நான்தான் போன்னு சொன்னேனே ஐயா" என்றார் கோவிந்தப்பா, உண்மையிலேயே வருத்தப்பட்டவர் போல. "இப்ப ஊரே பார்த்துருச்சு. நான் என்ன பண்ணட்டும்? நடங்க ஸ்டேஷனுக்கு."

ஸ்டேஷனில் மூத்திர நாற்றமும் பினாயில் நாற்றமும் ஒன்றையொன்று ஜெயிக்கப் பார்த்துக்கொண்டிருந்தன. சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் எவனுடைய எண்ணெய்த் தலையோ தேய்த்துத் தேய்த்துக் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்திருந்தது. ஜெயவேலு உட்காரவில்லை. யசோதராவை உட்கார வைத்துவிட்டு நின்றார். அவளைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

எஸ்.ஐ. சேஷகிரி கத்தியைக் கையில் வாங்கினார். விரலால் அலகைத் தடவினார், பிறகு அழுத்தினார். முனையை உள்ளங்கையில் குத்திப் பார்த்தார். முகம் மாறியது.

"இதேனு, இதுல கூரே இல்ல?"

"அது ட்ரெயினிங் கத்தி சார்" என்றாள் யசோதரா. "அலுமினியம். கூரு கிடையாது, முனை கிடையாது. சனிக்கிழமை சனிக்கிழமை ஆபீஸ் பொண்ணுங்களுக்குத் தற்காப்பு கிளாஸ் நடக்குது. யூஜின் மாஸ்டர்தான் குடுத்தாரு. ஒன்பது அங்குலத்துக்கும் கம்மி. இதுக்கு லைசன்ஸ் வேணாம், ஆர்ம்ஸ் ஆக்ட்ல வராதுன்னு மாஸ்டர் சொன்னாரு."

"உங்க மாஸ்டரு சரியாத்தான் சொல்லியிருக்காரு. நேத்து வரைக்கும் இது பொம்மை. இன்னைக்கு கமிஷனர் ஆர்டர் இருக்கு. அதுல கூரு இருக்கா, மொண்ணையான்னு போடல. ஆளை அடிக்க உதவுற எதுவும் கூடாதுன்னு போட்டிருக்கு."

"முன்னாடி போன பூக்காரம்மா கூடையில நல்ல கூரான கத்தி இருந்ததே சார். விட்டுட்டாங்களே?"

எஸ்.ஐ.க்குச் சிரிப்பு வந்தது. "அது நாரு அறுக்கும்மா. தொழிலு. உன்னோடது எதை அறுக்கும்?"

"எதையும் அறுக்காது சார்."

"ஒரு ஆப்பிள்?"

"இல்ல சார்."

"வெங்காயம்?"

"இல்ல."

"ஆப்பிள் அறுக்கறதுக்குன்னு ஒரு நெஜக் கத்தி வெச்சிருந்தேன்னு வை, ஆயித்து போம்மான்னு அனுப்பியிருப்பேன். இது ஒண்ணுத்துக்கும் ஆகாது. அப்போ இது ஆளுக்காகத்தான் வெச்சிருக்க. நீயே தற்காப்புக்குன்னு சொல்லிட்ட."

ஜெயவேலுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூரான கத்தி குற்றமில்லை, மொண்ணைக் கத்தி குற்றம். இந்தச் சட்டத்தை எழுதியவன் வாயில் சாணியைக் கரைத்து ஊற்றினால் என்ன என்று தோன்றியது. ஆனாலும் அவருடைய ஆத்திரம் சட்டத்தின் மேல் அதிக நேரம் நிற்கவில்லை. சறுக்கி, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் மேல்தான் போய் விழுந்தது.

எஸ்.ஐ. மேஜை மேல் சாய்ந்தார். "பாரும்மா. கேஸு எழுதுனா கோர்ட்டு, ஃபைன். அது பெருசில்ல. ஆனா நாளைக்கு ஆபீஸுல வெரிஃபிகேஷன் வந்தா, மாப்பிள்ளை வீட்டுல விசாரிச்சா, உம் பேருக்கு நேரா இது நிக்கும். அதனால கேக்கறேன். யாருக்குப் பயந்து வெச்சிருக்க? பேரைச் சொல்லு, அவனை நான் பார்த்துக்கறேன்."

யசோதரா வாயைத் திறந்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"அவளுக்கு என்ன சார் பயம்?" என்று முந்திக்கொண்டார் ஜெயவேலு. "வீட்டு வாசல்ல வேன் ஏறுறா, வாசல்லயே இறங்குறா. எங்க வீட்டுப் பொண்ணு மேல கைவைக்க எவனுக்குத் துணிச்சல் இருக்கு? சினிமா பார்த்துக் கெட்ட புத்தி. வேற ஒண்ணுமில்ல."

யசோதரா கண்ணை மூடிக்கொண்டாள்.

கோவிந்தப்பா கத்தியை ஒரு கன்னடப் பேப்பரில் சுற்றி மேஜை மேல் வைத்தார். அவர்தான் ஜெயவேலுவின் காதோடு சொன்னார்: "பெரியவரே, தெரிஞ்ச ஆளு யாராச்சும் இருந்தா கூப்பிடுங்க. சாரு நல்லவருதான். உள்ளூர் ஆளு ஒருத்தரு வந்து பொறுப்பேத்துக்கிட்டா, வார்ன் பண்ணி விட்டுருவாரு."

அப்படி ஓர் ஆள் இருந்தான். தங்கவயல்காரர்கள் சங்கத்துக்குத் தலைவன், கார்ப்பரேட்டர் வீட்டில் காபி குடிக்கிறவன், ஸ்டேஷன் ஆயுத பூஜைக்கு இனிப்பு அனுப்புகிறவன். ஜெயவேலுவுக்கு யாரிடமும் போய் நிற்பது பிடிக்காது. ஆனால் இவன் வீட்டு ஆள். ஸ்டேஷன் போனிலேயே கூப்பிட்டார்.

"பச்சை, நான்தான். பொண்ணு பையில ஒரு கத்தி இருந்துச்சுன்னு ஸ்டேஷன்ல உக்கார வெச்சிருக்காங்க. அக்காகிட்ட சொல்லாத. நீ மட்டும் வா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், யசோதரா எழுந்து நின்றிருந்தாள்.

"அவரையா கூப்பிட்டீங்க?"

"பின்ன யாரைக் கூப்பிடுறது? உன்னால அவன் முன்னாடியும் தலைகுனியணும்னு எனக்கு எழுதியிருக்கு."

"வேணாம் பெரியப்பா. கேஸே எழுதட்டும்."

"வாயை மூடு."

அவள் உட்கார்ந்தாள். கால்களை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்தார் ஜெயவேலு. இப்போதாவது வந்ததே என்றும் நினைத்தார்.

ஷெட்டில் கிடந்த வேனை எடுத்துக்கொண்டு பச்சைமுத்து கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்தான். ஐம்பதைத் தொட்ட வயசு, மை பூசிய மீசை, கழுத்தில் பவுடர், அதற்கு மேல் அத்தர். அவன் வருவதற்கு முன் அந்த வாசனை வந்தது. பினாயிலோடு அது கலந்ததும் ஜெயவேலுவுக்குத் தொண்டையில் என்னவோ அடைத்தது. ஏட்டைத் தோளில் தட்டினான். எஸ்.ஐ.க்குக் கும்பிடு போட்டான். எதிர்நாற்காலியை இழுத்து, சொல்லாமலே உட்கார்ந்தான்.

"என்ன சார் இது, சின்னப் பொண்ணை உக்கார வெச்சுக்கிட்டு. நம்ம மாமா யாருன்னு நெனச்சீங்க? தங்கவயல்ல இவரைச் சோதனை போட வாட்ச்மேனே வெட்கப்படுவான்." பேப்பர்ப் பொட்டலத்தைப் பார்த்துச் சிரித்தான். "இந்த மொண்ணைக் கத்திக்குப் போயி இவ்வளவு அமர்க்களமா? இதுல வெங்காயம்கூட நறுக்க முடியாது சார்."

ஏட்டு சிரித்தார். எஸ்.ஐ.யும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

ஜெயவேலு பொட்டலத்தைப் பார்த்தார். பேப்பர் பிரிக்கப்படவே இல்லை. கத்தி வெளியே ஒரு நூல் அளவுகூடத் தெரியவில்லை. போனில் அவர் கத்தி என்று மட்டும்தான் சொன்னார். பீப்பாய் மேல் அது விழுந்தபோது அவரே நிஜக் கத்தி என்றுதான் நினைத்தார். விரலை வைத்து அழுத்துகிற வரைக்கும் போலீஸ்காரருக்கே தெரியவில்லை.

"பச்சை" என்றார். "அது மொண்ணைன்னு உனக்கு யாரு சொன்னா?"

"என்ன மாமா?"

"நான் சொல்லல. சாரும் சொல்லல. பேப்பரையும் நீ பிரிக்கல. உனக்கு எப்படித் தெரியும்?"

"அது... பொண்ணுங்க கையில வேற எந்தக் கத்தி இருக்கும் மாமா? கிளாஸு கிளாஸுன்னு போகுதே, வேன்ல பேசிக்குவாங்க..." மேஜை மேல் இருந்த கையை அவன் கீழே இழுத்தான்.

இழுத்திருக்க வேண்டாம். இழுத்ததால்தான் ஜெயவேலு அதைப் பார்த்தார். வலது கைக் கட்டை விரல், நகம் முழுக்கக் கறுத்து ரத்தம் கட்டியிருந்தது. போன வாரம் வீட்டுக்கு வந்தபோது வேன் கதவு நசுக்கிவிட்டது என்றான். செண்பகம் மஞ்சளைக் குழைத்துத் தம்பியின் விரலில் பற்றுப் போட்டாள். அப்போது யசோதரா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. சாப்பிடவும் இல்லை. தலைவலி என்றாள்.

ஜெயவேலு பெண்ணின் பக்கம் திரும்பினார். அன்றைக்கு முதல் முறையாக அவளை நேராகப் பார்த்தார்.

"யசோ. வேன் கதவா?"

ஸ்டேஷனே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் தலையாட்டினாள், இல்லை என்று.

"எல்லாரையும் இறக்கிட்டு என்னைக் கடைசியாத்தான் இறக்குவாரு பெரியப்பா. டிரைவரைக் கீழே இறக்கிட்டு அவரே ஓட்டுவாரு. முன் சீட்டுல வந்து உக்காருன்னுவாரு. ரொம்ப நாளா... மாஸ்டரு சொல்லிக் குடுத்தாரு, நகத்து மேல அடிச்சா எவனும் கையை எடுத்துருவான்னு. அன்னைக்கு இந்தக் கத்தியாலதான் அடிச்சேன். எடுத்துட்டாரு."

"பொய்யி! மாமா, இது—"

"ஏன்டி என்கிட்ட சொல்லல?" ஜெயவேலுவின் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது.

"எப்படிப் பெரியப்பா சொல்றது? எங்க வீட்டுப் பொண்ணைத் தொட எவனுக்குத் துணிச்சல்னு தினம் சொல்வீங்க. இப்பக்கூடச் சொன்னீங்க. அதைக் கேட்டுட்டு, உங்க வீட்டு ஆளுதான்னு எந்த வாயால சொல்வேன்? அவரு பெரியம்மாவுக்குத் தம்பி."

ஜெயவேலுவுக்கு அருவருப்பு மூண்டது. ஏட்டின் வெற்றிலை எச்சிலைப் பார்த்தபோது வந்ததெல்லாம் ஒன்றுமில்லை. இவனுக்கு வாழை இலை போட்டு, இவன் உட்கார்ந்த பாயில் தானும் உட்கார்ந்து, பண்டிகைக்குப் பண்டிகை இவன் கையால் வேட்டி வாங்கிக் கட்டியிருக்கிறார். இப்போது இடுப்பில் இருப்பதும் இவன் எடுத்துக் கொடுத்த வேட்டிதான். தோலோடு உரித்துப் போட வேண்டும் போல இருந்தது.

பச்சைமுத்து எழுந்து அவர் பக்கத்தில் வந்தான். அத்தர் வாசனை மூக்கை அறைந்தது. குரலைத் தாழ்த்தினான்.

"மாமா, ஸ்டேஷன்ல பேசற பேச்சா இது? குடும்ப விஷயம் வீட்டுல பேசிக்கலாம். நான் ஒரு வார்த்தை சொன்னா சாரு கேஸ் இல்லாம அனுப்பிடுவாரு. இல்லன்னா பொண்ணு பேரு கோர்ட்டு வரைக்கும் போகும். அப்புறம் எவன் கட்டுவான்? உங்க கௌரவம் என்னாகும்? யோசிங்க." யசோதராவின் பக்கம் திரும்பினான். "எந்திரிம்மா. வா, வண்டியில ஏறு."

பழக்கம் எப்படி என்றால், அந்த நேரத்திலும் அவன் கை அவள் தோளை நோக்கி நீண்டது. ஜெயவேலு நடுவில் வந்து நின்றார்.

"அவ வண்டியில ஏற மாட்டா."

பிறகு எஸ்.ஐ. பக்கம் திரும்பினார். முதுகு நேராகத்தான் இருந்தது, ஆனால் முகத்தில் ரத்தமே இல்லை.

"சார், கத்திக் கேஸை எழுதிக்குங்க. ஆர்டர் இருக்கும்போது வெச்சிருந்தது வெச்சிருந்ததுதான். கோர்ட்டுக்கு நான் கூட்டிட்டு வர்றேன். இந்தாளு தயவுல எங்க பொண்ணு வெளிய வர வேணாம்."

"மாமா, பைத்தியமா உங்களுக்கு?"

"அது எழுதுனதுக்கு அப்புறம், கத்தி எதுக்குன்னு கேட்டீங்களே சார், அதுக்குப் பதிலு அவ சொல்லுவா. அதையும் எழுதிக்குங்க." யசோதராவைப் பார்த்தார். "சொல்றியாம்மா? இஷ்டம் இருந்தா சொல்லு. நான் முந்திக்க மாட்டேன்."

"சொல்றேன்" என்றாள்.

எஸ்.ஐ. சேஷகிரி பச்சைமுத்துவை மேலும் கீழும் பார்த்தார். ஆயுத பூஜை இனிப்பு ஞாபகம் வந்திருக்கலாம். கொஞ்ச நேரம் பேனாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பெரியவர் அசையவில்லை. கடைசியில் எஸ்.ஐ. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, "கோவிந்தப்பா, பெண் கான்ஸ்டபிளைக் கூப்பிடு" என்றார். "பச்சைமுத்து, நீங்க எங்கயும் போகாதீங்க. அங்க உக்காருங்க." எண்ணெய்த் தலை வட்டம் விழுந்த அந்தப் பெஞ்சைக் காட்டினார்.

எழுதி முடித்து, ஜாமீன் கையெழுத்துப் போட்டு, இருவரும் வெளியே வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கத்தி ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது, துணிச் சீட்டு கட்டி அரக்கு வைத்து. பச்சைமுத்து உள்ளே யாருக்கோ போன் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆள் இருக்கிறது. வெளியே வந்துவிடுவான் என்று ஜெயவேலுவுக்குத் தெரியும். சங்கத்தில் நாளைக்கு எப்படிப் பேசுவான், பெண் மேல் என்னவெல்லாம் சொல்வான் என்பதும் தெரியும்.

வாசலிலேயே வேன் நின்றிருந்தது. அதன் முன் சீட்டு கண்ணாடி வழியே தெரிந்தது. மணி கோத்த விரிப்பு, சாமி படம், பிளாஸ்டிக் பூ. தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது அத்தனையும் திரண்டு அவர் வாய்க்கு வந்தது. ஆயுளில் தெருவில் துப்பியறியாத மனிதர் வேனின் முகத்துக்கு நேரே போய் நின்றார்.

கண்ணாடிக்கு மேல் சிவப்பும் மஞ்சளுமாகக் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: செண்பகம் டிராவல்ஸ். முதல் வேன் வாங்கியபோது அக்கா பேரைத்தான் வைப்பேன் என்று தம்பி ஒற்றைக்காலில் நின்றான். அன்றைக்கு செண்பகம் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

ஜெயவேலு விழுங்கினார். அது நெஞ்சு வரைக்கும் கசந்துகொண்டே இறங்கியது.

"நடந்தே போயிடலாம் பெரியப்பா" என்றாள் யசோதரா, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு.

ஏரிப் பக்கம் பீப்பாய்கள் அப்படியே இருந்தன. வேறொரு போலீஸ்காரன் கையைக் காட்டி, போங்க என்றான். இந்த முறை ஜெயவேலு நிற்கவில்லை. வீட்டில் செண்பகம் வாசலில் காத்துக்கொண்டிருப்பாள். முதல் கேள்வியாக, தம்பி வேன் அனுப்பவில்லையா என்றுதான் கேட்பாள்.